உப்பூர்க்காரன் கட்டின டிராகன்

போன வாரம் என் பொண்ணு ஃபோன்ல ஒரு விளம்பரத்தக் காட்டி "அப்பா, இங்க போலாமா"ன்னு கேட்டா. சைனீஸ் லேண்டர்ன் ஷோவாம், பக்கத்து ஊர் ஜூல. இப்பல்லாம் அமெரிக்காவுல எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் ஜூவோ பொட்டானிக்கல் கார்டனோ ஏதோ ஒண்ணுல வருஷத்துல ரெண்டு மாசம் ஒரு விளக்கு டிராகன் படுத்துக் கெடக்கு, டிக்கெட்டும் சினிமாவ விட ஜாஸ்தி. நீ இதெல்லாம் அஞ்சு வயசுலயே பாத்தாச்சு, அதுவும் ரெண்டு தடவன்னு சொன்னேன். அவளுக்கு சுத்தமா ஞாபகம் இல்ல. ஐஸ்க்ரீம் கடைக்காரர் கப்பத் தலைகீழா கவுத்துக் காட்டினாரே, அது மட்டும் ஞாபகம் இருக்காம். சரி, அவளுக்காகவாவது எழுதி வைப்போம்னு தான் இது.

2012 கோடைகாலம். நாங்க அப்ப மிசோரில, செயின்ட் லூயிஸ் பக்கத்துல இருந்தோம். ஊர்லேருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தாங்க, முதல் தடவ. ஆறு மாச விசா, ரெண்டு பெட்டி நிறைய கருவாடு, அப்பளம், மக்ரூன், வத்தல், பாதி வழியில புடுங்கிருவாங்களோன்னு அம்மாவுக்கு வந்து சேர்ற வரைக்கும் பயம். எங்க ஊர் தூத்துக்குடி. அப்பா முப்பத்தஞ்சு வருஷம் உப்பளத்துல கணக்குப்பிள்ளையா இருந்து ரிட்டயர் ஆனவர். கணக்குப்பிள்ளைன்னா ஏசி ரூம்ல உக்காந்து லெட்ஜர் எழுதுறதுன்னு நினைக்காதீங்க, காலைல அஞ்சு மணிக்கு சைக்கிள எடுத்துட்டு அளத்துக்குப் போனா பாத்தி பாத்தியா நடந்து, எந்தப் பாத்தில எத்தன டிகிரி ஏறிருக்கு, எதுல உப்பு வாரலாம், எவ்வளவு அம்பாரம் சேர்ந்திருக்குன்னு பாத்துட்டு மத்தியானம் தான் வீட்டுக்கு வருவார். மூஞ்சி கருத்து, கால்ல வெடிப்போட.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு அமெரிக்காவக் காட்டி அசத்தணும்னு எனக்கு ஒரு வெறி. ஆனா அவர் எதுக்கும் அசையல. ஊரோட அடையாளமா நிக்கிற 630 அடி உயர வளைவு, ஆர்ச்சக் காட்டினா "மேல போயி என்னலே செய்ய"ன்னு கேட்டார். மிசிசிப்பியக் காட்டினேன், "ஆத்துல தண்ணி நிறைய கெடக்கு, கலங்கலா கெடக்கு"ன்னு சொல்லிட்டு கார்ல ஏறிட்டார். அவர் ஒரே ஒரு எடத்துல தான் நின்னு பாத்தார், அது சூப்பர் மார்க்கெட்ல உப்பு அடுக்கி வச்சிருந்த வரிசை. ஒவ்வொரு டப்பாவையா எடுத்து, குலுக்கி, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, அயோடின் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டு அரை மணி நேரம். பனிக்காலத்துல இங்க ரோட்ல உப்பு கொட்டுவாங்கப்பான்னு பேச்சு வாக்குல சொன்னேன், அதுக்கு அவர் பாத்த பார்வை இருக்கே. "ரோட்டுலயா? நல்ல உப்பையா?" அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது கூட அதையே தான் சொல்லிட்டு இருந்தார், அமெரிக்கா மேல அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் அங்கயே போச்சு.

அந்த வருஷம் தான் மிசோரி பொட்டானிக்கல் கார்டன்ல லேண்டர்ன் ஃபெஸ்டிவல் போட்டாங்க. மே கடைசில ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும். ஆபீஸ்ல எல்லாரும் அதப் பத்தித் தான் பேசினாங்க. ஒருத்தர் டெஸ்க்டாப்ல டிராகன் படத்த வச்சிருந்தார், ராத்திரில எடுத்தது, பின்னாடி வானம் கருநீலமா, டிராகன் உள்ளேருந்து எரியுற மாதிரி. இதுதான்யா அப்பாவ அசத்தப் போற சமாச்சாரம்னு அன்னைக்கே ஆன்லைன்ல டிக்கெட் போட்டேன்.

போட்டதுல தான் கோளாறு. பகல்ல சாதாரண கார்டன் டிக்கெட், அஞ்சு மணியோட சரி. விளக்கு எரியுறது சாயங்காலம், அதுக்குத் தனி டிக்கெட், அதுவும் வாரத்துல சில நாள் தான். நான் அவசரத்துல வாங்கினது பகல் டிக்கெட். கார் பார்க்கிங்ல எறங்கி, பாப்பாவ ஸ்ட்ரோலர்ல உக்கார வச்சு, அம்மா புளியோதரை கூடையத் தூக்கிட்டு, கேட்ல போயி நிக்கும்போது தான் அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. மணி காலைல பதினொன்னு. வெயிலு நூறு டிகிரி ஃபாரன்ஹீட். அந்த வருஷம் செயின்ட் லூயிஸ்ல அடிச்ச வெயில் அங்க இருந்தவங்களுக்குத் தெரியும், ஜூன் கடைசிலேருந்தே நூறுக்கு மேல நூறுக்கு மேலன்னு நியூஸ்ல கதறிட்டு இருந்தான். என் மனைவி என்னப் பாத்த பார்வையில நான் பாதி ஆவியாயிட்டேன். "விளக்கு எரியாத விளக்கப் பாக்க நாலு பேருக்கு டிக்கெட்டு"ன்னு மட்டும் சொன்னா, மெதுவா, அத்தைக்குக் கேக்காத மாதிரி. அத்தைக்குக் கேட்டுச்சு.

திரும்பிப் போலாம்னு நான் சொன்னப்ப அப்பா தான் "வந்தது வந்தாச்சு, உள்ள போவோம்"ன்னார். வெயில் அவருக்கு ஒரு பொருட்டே இல்ல. "நூறு நூறுங்கான், என்ன நூறு? நமக்கு இருபத்தஞ்சு டிகிரி வந்தாப் போதும், உப்பு எறங்கிரும்"னு ஒரு ஜோக் அடிச்சார். உப்பளத்துல டிகிரின்னா அது வேற, தண்ணியோட காட்டத்த அளக்குற பாமே டிகிரி. கடல் தண்ணி மூணு, மூணரை காட்டும், அது பாத்தில நின்னு காய்ஞ்சு காய்ஞ்சு இருபத்தஞ்சுக்கு வந்தா உப்பு கட்ட ஆரம்பிக்கும். இந்த ஜோக் எங்க வீட்டுல நாப்பது வருஷமா ஓடுது, சிரிச்சது அவர் மட்டும் தான்.

அந்தத் தோட்டத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லணும். உள்ளூர்க்காரங்க இன்னும் ஷாஸ் கார்டன்னு தான் சொல்லுவாங்க. ஹென்றி ஷான்னு ஒரு இங்கிலீஷ்காரர், 1819ல வந்து கத்தி, கத்திரி, இரும்புச் சாமான் வித்து பணம் சேத்து, நாப்பது வயசுக்குள்ள கடைய மூடிட்டு, 1859ல இந்தத் தோட்டத்தத் திறந்து விட்டார். 79 ஏக்கர். நடுவுல கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு பெரிய அரைக்கோளம், கிளைமேட்ரான்னு பேரு, 1960ல கட்டினது, உள்ள ஒரு தூண் கிடையாது. வெளியில பனி பெய்யும்போது கூட உள்ள நம்மூரு மாதிரி புழுக்கமா இருக்கும். அன்னைக்கு அம்மாவுக்கு அதுதான் சொர்க்கம். வாழைக் குலையப் பாத்ததும் நின்னுட்டாங்க, மூணு மாசமா வாழை எலையத் தொடலையே. பூவ ஒடிக்காம விட்டிருக்காங்களேன்னு ஒரே ஆதங்கம். "எய்யா, அந்தப் பூவக் கேட்டா தருவாங்களா"ன்னு என்கிட்ட கேட்டாங்க. மிசோரி பொட்டானிக்கல் கார்டன்ல வாழைப்பூ பொரியலுக்குக் கேட்ட முதல் ஆள் எங்க அம்மாவாத் தான் இருக்கும்.

வெளிய வந்தா டிராகன்.

எரியாத டிராகன். நான் மனசுக்குள்ள சபிச்சுக்கிட்டே கேமராவ எடுத்தேன். ஆனா கிட்டக்கப் போனதும் தான் தெரிஞ்சுது, அது துணியும் இல்ல காயிதமும் இல்ல. பூரா பீங்கான். சாப்பாட்டுத் தட்டு, கப், சாசர், சூப் குடிக்கிற குட்டி கரண்டி, ஆயிரக்கணக்குல, ஒண்ணோட ஒண்ண நூல் கயிறு போட்டுக் கட்டியிருக்காங்க. செதில் எல்லாம் தட்டு. முதுகுல நிமிந்து நிக்கிறது கரண்டி. சிமெண்டு இல்ல, பசை இல்ல, கட்டு தான். பக்கத்துல போயி கழுத்த நீட்டிப் பாத்தா ஒவ்வொரு கட்டும் தெரியுது, யாரோ ஒருத்தரோட விரல் அத்தன ஆயிரம் முடிச்சு போட்டிருக்கு. அம்மா கொஞ்ச நேரம் அமைதியா நின்னுட்டு "இத யாரு கழுவுவா"ன்னாங்க.

அப்பா பேசவே இல்ல. கைய பின்னாடி கட்டிக்கிட்டு தலையிலேருந்து வால் வரைக்கும் நடந்தார், திரும்ப வாலுலேருந்து தலைக்கு. அளத்துல பாத்தி வரப்புல அவர் நடக்குற நடை அது, எனக்கு நல்லாத் தெரியும். அப்புறம் கயிறு கட்டின தடுப்புக்கு இந்தப் பக்கமே குத்த வச்சு உக்காந்து, அடியில குனிஞ்சு பாத்து, உள்ள இரும்புக் கம்பி எப்படி வளைச்சிருக்கான், வெல்டு எங்க வச்சிருக்கான், ஒயர் எது வழியா போகுதுன்னு ஆராய்ச்சி. செக்யூரிட்டி ஆள் வந்துருவாரோன்னு எனக்கு டென்ஷன். "இங்க பாருலே, வேலைக்காரன் கட்டிருக்கான்"ன்னார். அப்பா வாயிலேருந்து அமெரிக்கா வந்ததுக்கு அப்புறம் வந்த முதல் பாராட்டு இது, அதுவும் சீனாக்காரனுக்கு.

அப்படியே ஒண்ணொண்ணா பாத்துட்டே போனோம். மொத்தம் 26 செட்டு. டெரக்கோட்டா போர்வீரர்கள், பெய்ஜிங் சொர்க்கக் கோயில், இதெல்லாம் நான் வேகமா கடந்துட்டேன், பகல்ல அது துணி போத்தின கூடாரம் மாதிரி தான் இருந்துச்சு. ஆனா ஒரு மிருகம், சீனாக் கதைல வர்றது, பேரு சிலின், உடம்பு மானு, செதில் மீனு, தலையில கொம்பு, கிட்டத்தட்ட நம்ம கோயில் தூண்ல நிக்கிற யாளியோட ஒண்ணுவிட்ட தம்பி. அத முழுக்க ஊசி மருந்து வருமே அந்த மாதிரி குட்டிக் குட்டிக் கண்ணாடி பாட்டில்ல கட்டியிருந்தாங்க, உள்ள கலர் கலரா தண்ணி ஊத்தி. பாட்டில் ஒவ்வொண்ணும் வெயில்ல மினுக்கு மினுக்குன்னு இருக்கு. பாப்பா அது பக்கத்துலேருந்து வரமாட்டேன்னு ஒரே அடம், "தாத்தா, ஜூஸு"ன்னு கைய நீட்டிக்கிட்டு. அது ஜூஸ் இல்ல மருந்துன்னு ஆச்சி சொன்னதும் தான் பயந்து வந்தா.

வெயில் தாங்காம சைனீஸ் கார்டன் பக்கம் போயி அந்த மண்டபத்து நிழல்ல உக்காந்தோம், புளியோதரைய அங்க திறக்கலாமா கூடாதான்னு ஒரு சின்ன பட்டிமன்றம் நடந்துச்சு, கூடாதுன்னு முடிவாச்சு, ஆனா கூடைக்குள்ள கைய விட்டு ஆளுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டாச்சு. என் மனைவி தான் கேட்டா, இந்த ஊருக்கும் சீனாவுக்கும் என்ன சம்பந்தம், இவ்வளவு செலவு பண்ணி இங்க எதுக்குன்னு. நல்ல கேள்வி. 1979லயே செயின்ட் லூயிஸும் சீனாவுல இருக்கிற நான்ஜிங்கும் சிஸ்டர் சிட்டி ஆயிட்டாங்க, அமெரிக்க ஊர் சீன ஊரோட அப்படி கை கோத்தது அதுதான் முதல் தடவ. நாங்க உக்காந்திருந்த தோட்டமே அந்த சிநேகத்துக்காக 1996ல போட்டது. அத விட முக்கியம், இந்த கார்டன நாப்பது வருஷம் கிட்ட நடத்தின பீட்டர் ரேவன் பொறந்ததே ஷாங்காய்ல. சீனாவுல இருக்கிற ஒவ்வொரு செடியையும் கொடியையும் வரிசைப்படுத்தி, முப்பத்தோராயிரம் வகை கிட்ட, இங்கிலீஷ்ல ஃப்ளோரா ஆஃப் சைனான்னு ஒரு புத்தக வரிசை போட்டாங்களே, சீன விஞ்ஞானிகளோட சேந்து அந்த வேலைய இழுத்துக்கிட்டு வந்தது இந்த கார்டன் தான். 1994ல முதல் புத்தகம் வந்துச்சு, நாங்க அங்க உக்காந்திருந்த வருஷமும் வேல முடியல, அடுத்த வருஷம் தான் முடிஞ்சுது. இவ்வளவும் சொன்னேன், என் மனைவி தூங்கிட்டா.

அப்பா கேட்டது வேற. "இந்த விளக்கு கட்டுதவன் எந்த ஊரு?" பலகையில பேர் இருந்துச்சு, சிகோங், சிச்சுவான். ஃபோன எடுத்து தேடினேன். முதல் வரியிலயே நின்னுட்டேன். சிகோங் உப்பூராம். சீனாவோட உப்புத் தலைநகரம்னு அதுக்குப் பட்டப்பேரு. ஊர்ப் பேரே ரெண்டு உப்புக் கிணத்தோட பேர ஒட்ட வச்சது தான்.

"அப்பா, இவங்களும் உப்புக்காரங்கப்பா"ன்னேன்.

அதுவரைக்கும் தூண்ல சாஞ்சிருந்த மனுஷன் நிமிந்து உக்காந்தார். "கடல் இருக்கா?" இல்ல, கடலுக்கும் அந்த ஊருக்கும் ஆயிரம் கிலோமீட்டர் கிட்ட. "பொறவு எப்படி உப்பு?" பூமிக்கு அடியில உப்புத் தண்ணி. கிணறு. "அப்ப நம்ம போர் மாதிரி"ன்னார் உடனே. தூத்துக்குடில கடல் தண்ணி மட்டும் பாய்ச்சி உப்பு எடுக்குறாங்கன்னு தான் வெளியூர்ல நினைப்பாங்க, நெறைய அளத்துல போர் போட்டு நிலத்தடி உவர்த்தண்ணியத் தான் எறைக்குறாங்க, அது கடல் தண்ணிய விடக் காட்டமா இருக்கும், சீக்கிரம் எறங்கும். நான் மேல படிச்சேன். ஷென்ஹாய்னு ஒரு கிணறு, 1835ல தோண்டி முடிச்சது, ஆழம் ஆயிரத்தோரு மீட்டர். உலகத்துல மனுஷன் ஒரு கிலோமீட்டரத் தாண்டிப் போட்ட முதல் துளை அதுதான். மெஷின் கிடையாது. ஒரு பலகை மேல ஆளுங்க ஏறி எறங்கி மிதிக்க, மறுமுனையில மூங்கில் கயித்துல தொங்குற இரும்பு உளி தூக்கித் தூக்கிப் போட்டு பாறைய இடிக்கும், ஏத்தம் மாதிரி. ஒரு கிணத்துக்கு வருஷக்கணக்கா ஆகுமாம். தண்ணி போற குழாயும் மூங்கில்.

அப்பா ஒரு நிமிஷம் யோசிச்சார். "சரி, தண்ணி வந்துட்டு. காய வைக்க வெயில் வேணும்லா?"

அங்க தான் விஷயமே. சிச்சுவான்ல வெயில் கிடையாது. எந்நேரமும் மூட்டம். அந்த ஊர் நாய் சூரியனப் பாத்தா குலைக்கும்னு சீனாவுல ஒரு பழைய சொலவடையே இருக்கு, அவ்வளவு அபூர்வமாத் தான் சூரியன் எட்டிப் பாக்குமாம். இதக் கேட்டு அப்பா சிரிச்ச சிரிப்புல பக்கத்து பெஞ்ச் வெள்ளக்காரப் பாட்டி திரும்பிப் பாத்தாங்க. அப்ப எப்படித்தான் உப்பு எடுத்தாங்கன்னா, கிணறு தோண்டும்போது கூடவே கேஸும் வந்திருக்கு, இயற்கை எரிவாயு. அதையும் மூங்கில் குழாய்ல புடிச்சு, பத்த வச்சு, பெரிய பெரிய இரும்புச் சட்டில உப்புத் தண்ணியக் காய்ச்சி எடுத்திருக்காங்க. அழுக்கு எடுக்க சட்டில சோயா பால் ஊத்துவாங்கன்னு படிச்சேன். எனக்குப் புரியல. சோயா பால் எதுக்கு? அம்மா தான் அலட்சியமா சொன்னாங்க, "பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் ஊத்துனா அழுக்கெல்லாம் நுரையா மேல வராதா, அதத்தான் செய்யுதாங்க." அதே தான். அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவங்களுக்கு சிகோங் உப்பு வித்தை ஒரு வரியில விளங்கிருச்சு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி விளக்கு செய்யுற வீடியோவா தேடித் தேடிப் போட்டோம். தரையில ஒரு ஆள் சுண்ணாம்புப் பொடி மாதிரி எடுத்து முழு சைஸுக்குப் படம் போடுறார், டிராகன் கால்னா கால் அளவுக்கே. அந்தக் கோடு மேல கம்பிய வச்சு வளைச்சு, பத்த வச்சு, கூடு எழுப்புறாங்க. உள்ள பல்பு ஒயரிங். அப்புறம் பொம்பளைங்க வட்டமா உக்காந்து பட்டுத் துணிய ஓரம் ஓரமா பசை தடவி இழுத்து ஒட்டுறாங்க, மிச்சத்த கத்திரியில நறுக்குறாங்க, சுருக்கம் விழாம. கடைசில தான் பெயிண்ட். "கோலம் போட்டு கோலத்தத் தூக்கி நிறுத்துதாங்க"ன்னு அம்மா சொன்னாங்க. அப்பா ஒட்டுற இடத்த மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

ரெண்டு வாரம் கழிச்சு சரியான டிக்கெட்டோட ராத்திரி போனோம். சரியான கூட்டம், டிராஃபிக் ஹைவே எறங்குற இடத்துலயே நின்னுருச்சு. கோடைல அங்க எட்டரை மணி வரைக்கும் வெளிச்சம் போகாது, ஆறு மணிக்கு உள்ள விட்டாலும் ரெண்டு மணி நேரம் சும்மா சுத்தணும். அப்புறம் இருட்டு எறங்க எறங்க ஒண்ணொண்ணா பூத்துச்சு பாருங்க. அந்தத் துணிக் கூடாரமெல்லாம் ஜோடிச்ச சப்பரம் மாதிரி ஆயிருச்சு. கிளைமேட்ரான் முன்னாடி குளத்துல அல்லி எலைக்கு நடுவுல எல்லாமே ரெண்டு ரெண்டா தெரியுது, மேல ஒண்ணு தண்ணில ஒண்ணு. பீங்கான் டிராகன் பகல்ல வெள்ள வெளேர்னு பாத்திரக்கடை மாதிரி இருந்தது, ராத்திரி உள்ள லைட்டு பட்டதும் ஒவ்வொரு தட்டு ஓரத்துலயும் வெளிச்சம் கசியுது. பாட்டில் சிலின விட்டு பாப்பாவ இந்தத் தடவையும் பிரிக்க முடியல. எங்க ஊர் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கும், சிவன் கோயிலுக்கும் போடுற சீரியல் செட்டு எனக்கு ஞாபகம் வந்துச்சு, அந்தப் பெரிய தட்டியில மயில் தோகை விரிக்கும், பிள்ளையார் கண் சிமிட்டுவார், கீழ நின்னு அண்ணாந்து பாத்து வாய்க்குள்ள கொசு போனது கூட ஞாபகம் இருக்கு. ஆனா அது தட்டை. இது சுத்தி வரலாம்.

நான் ஃபோட்டோ எடுத்துக் குவிச்சுட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா அப்பா ஒரு மரத்தடி பெஞ்சுல உக்காந்திருக்கார், விளக்குக்கு முதுகக் காட்டிக்கிட்டு.

"என்னப்பா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு ராத்திரி வெளிச்சம் ஆவாதுலே. ஒவ்வொரு பல்பும் கள்ளி மாதிரி முள்ளு முள்ளா விரியுது. என்ன உருவம்னு தெரியல. அன்னைக்குப் பகல்ல வந்தது தான் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."

எனக்கு அது தெரியாது. ஒரு கண்ணுல புரை ஆபரேஷன் ஆயிருந்தது, இன்னொன்னு தள்ளிப் போட்டுட்டே வந்திருக்கார், அது தெரியும். ஆனா ராத்திரி இவ்வளவு மோசம்னு யாரும் சொல்லல. அளத்துல வேல பாத்தவங்களுக்கு இது புதுசில்ல. வெள்ளைத் தரை, வெள்ளை உப்பு, மேல வெயிலு, கீழ அதோட எதிரொளி, முப்பத்தஞ்சு வருஷம் கண்ண இடுக்கிக்கிட்டே நடந்தா கண்ணு என்னத்துக்காகும். கூலிங் கிளாஸ் போடுங்கப்பான்னு காலேஜ் படிக்கிறப்போ ஒரு தடவ வாங்கிக் குடுத்தேன், அத பீரோவுல வச்சிட்டார், கூலிக்காரங்க முன்னாடி கண்ணாடி மாட்டிக்கிட்டு நிக்க வெக்கமா இருக்குன்னு. டிக்கெட் மாத்தி வாங்கினதுக்கு ரெண்டு வாரமா என்ன நானே திட்டிட்டு இருந்தேன். பெஞ்சுல அவர் பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் நானும் விளக்குக்கு முதுகக் காட்டிக்கிட்டு இருந்தேன், சில்வண்டு காதக் கிழிச்சுட்டு இருந்துச்சு.

அப்பத் தான் அந்த ஆள் வந்தார். சீனாக்காரர், நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், இடுப்புல டூல் பை, கையில டெஸ்டர். ஒரு தாமரைப் பூ விளக்குல பாதி எரியல, அதப் பாக்க வந்திருக்கார். கண்காட்சி நடக்குற வரைக்கும் ரிப்பேர் பாக்க ரெண்டு மூணு பேர் தங்கியிருந்தாங்க போல. அப்பா எழுந்து நேரா அவர்கிட்ட போயிட்டார். நான் போறதுக்குள்ள குத்த வச்சு உக்காந்து, செல்ஃபோன் டார்ச்ச அடிச்சு அவருக்கு வெளிச்சம் காட்டிட்டு இருக்கார். அந்த ஆளும் வேண்டாம்னு சொல்லல. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசாம ஒரு பல்ப மாத்தினாங்க. பூ எரிஞ்சுது. அந்த ஆள் கட்டைவிரலத் தூக்கினார்.

அப்பாவுக்கு சும்மா வர மனசில்ல. "சிகோங்?"னு கேட்டார். அவர் தலைய ஆட்டினார், சிரிச்சார். அப்பா தன் நெஞ்சுல கைய வச்சு "டூட்டிகாரின்"ன்னார். அவருக்கு ஒண்ணும் புரியல. அப்பா விடல, "சால்ட், சால்ட்"னு ஆள்காட்டி விரல நாக்குல தொட்டு தொட்டுக் காட்டினார். திரும்ப அவரக் காட்டி, தன்னக் காட்டி, விரல நாக்குல வச்சு. நீயும் உப்பு, நானும் உப்பு. எனக்கு சிரிப்பும் வருது சங்கடமாவும் இருக்கு. அந்த ஆள் ரொம்ப உன்னிப்பா பாத்துட்டு, ஆங், புரிஞ்சுதுங்கிற மாதிரி மூஞ்சி மலந்து, அப்பாவோட முழங்கையப் புடிச்சு திருப்பி, பாதைக்கு அந்தப் பக்கம் கைய நீட்டிக் காட்டினார்.

அங்க பாப்கார்ன் கடை.

அப்பா போயி வாங்கினார், வேற என்ன செய்ய. ரெண்டு பாக்கெட். ஒண்ணு அந்த ஆளுக்கு. அவர் முதல்ல மறுத்தார், அப்புறம் வாங்கிக்கிட்டார். அப்பா ஒண்ண வாயில போட்டு "உப்பு கூட"ன்னார்.

வீட்டுக்குத் திரும்புற வழியில தான் அந்த ஐஸ்க்ரீம் கடைக்குப் போனது. கெட்டியா இருக்குன்னு காட்ட கப்பத் தலைகீழா கவுத்துத் தருவாங்க, செயின்ட் லூயிஸ்ல அதுக்கு கான்க்ரீட்னே பேரு. கடைக்காரர் கவுத்தப்ப பாப்பா வீல்னு கத்தினா, விழல, அதான் அவளுக்கு அந்தக் கோடைகாலம் மொத்தமும்.

அதுக்கப்புறம் நான் வேற ஊர்கள்ல நாலஞ்சு லேண்டர்ன் ஷோ பாத்துட்டேன். பூராம் எல்இடி, பளீர்னு இருக்கு, செல்ஃபி எடுக்க றெக்கை மாட்டி வச்சிருக்கான், டைனோசர் தலைய ஆட்டுது. டைனோசர் கூட நியாயம் தான், சிகோங்ல தோண்டின எடத்துல எலும்பு கெடைச்சு 1987லயே பெரிய மியூசியம் வச்சிருக்காங்க. ஆனா தட்டுல கட்டின அந்த டிராகன் மாதிரி ஒண்ணு இன்னும் கண்ணுல படல. ஒருவேள நான் அதுக்கப்புறம் எங்கயும் பகல்ல போகாததும் காரணமா இருக்கலாம்.

அப்பாவும் அம்மாவும் அக்டோபர்ல ஊருக்குப் போயிட்டாங்க. போன கையோட அந்த இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் பண்ண வச்சோம், அதுக்கு அவர ஒத்துக்க வைக்கிறது தனிக் கதை. அடுத்த வருஷம் கார்த்திகைக்கு முன்னாடி ஒரு நாள் அம்மா ஃபோன்ல புலம்பல். "ஒங்கப்பா மாடில கோலப்பொடிய வச்சு மீனு வரைஞ்சு, கட்டுக்கம்பிய வாங்கிட்டு வந்து வளைச்சுக்கிட்டு கெடக்கார். என் பழைய பட்டுச் சேலையக் காணோம். கேட்டா அது நைஞ்சு போச்சுங்கார், நைஞ்சு போச்சுன்னா நாந்தான சொல்லணும்." கிறிஸ்மஸ் வந்தா எங்க தெருவுல வீட்டுக்கு வீடு காயித நட்சத்திரம் தொங்கும், அந்தக் கம்பத்துலயே இதையும் மாட்டப் போறதா பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்காராம்.

ஃபோட்டோ அனுப்பச் சொன்னேன், வந்துச்சு. மீனுன்னு சொன்னா மீனு. பாப்பா பூசணிக்கான்னு சொன்னா.

அப்பா ஃபோன வாங்கினார். "கூடு நல்லா நிக்கி, பல்பும் சரியா இருக்கு. துணி தான் சுருங்குது. அந்த வீடியோவுல பொம்பளைங்க என்ன பசை போடுதாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுலே. மைதாப் பசைய எறும்பு தின்னுட்டு."